பள்ளி எப்போது போலீசை அழைக்க வேண்டும்?

குழந்தைகள் தொடர்பான வழக்குகளை நடத்துகிறவன் என்பதால் பள்ளி நிர்வாகங்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. வகுப்பில் செல்போன் காணாமல் போனால் உடனே ஸ்டேஷனுக்குப் போகத் துடிப்பவர்கள், ஆசிரியர் ஒருவர் மாணவியிடம் அத்துமீறினார் என்று புகார் வந்தால் மட்டும் "உள்ளேயே விசாரித்துக்கொள்கிறோம் சார்" என்கிறார்கள். சட்டம் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறு.

18 வயது நிரம்பாதவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19 சொல்வது இது. பெற்றோர் வேண்டாம் என்றாலும் அந்தக் கடமை நீங்காது. மறைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

'உள் விசாரணை' எப்படி நடக்கிறது தெரியுமா? முதலில் வகுப்பாசிரியர் கேட்பார். பிறகு தலைமையாசிரியர் அறையில் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, நடுவில் அந்தக் குழந்தையை நிற்க வைத்து, "நடந்ததை எழுதிக் கொடு" என்பார்கள். தாளாளர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்று முறை சொன்னால் மூன்று விதமாகத்தான் வரும். அந்த வித்தியாசங்களைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பின்னால் நீதிமன்றத்தில் எடுத்து வைப்பார். குழந்தை சொன்னதை அதன் வார்த்தைகளிலேயே ஒருமுறை குறித்து, தேதி போட்டு, சிசிடிவி பதிவு அழியாமல் பார்த்துக்கொண்டு, காவல்துறைக்குத் தெரிவியுங்கள். அதற்கு மேல் துருவ வேண்டாம். வாக்குமூலத்தைச் சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் எஸ்.ஐ., குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வந்து வாங்க வேண்டும் என்பது விதி. ஸ்டேஷன் வாசல் மிதிக்க வேண்டுமே என்று கலங்கும் பெற்றோரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கத்தி, படுகாயம், கொலை மிரட்டல் என்றால் யோசிக்காமல் அழைக்க வேண்டியதுதான். மாணவர் பையில் கஞ்சா இருந்தால் அதைக் கொடுத்தவர் யார் என்பதே முதல் கேள்வி. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அந்த ஆளைப் பிடிப்பது பள்ளியால் ஆகிற காரியமல்ல.

கைகலப்பு, பேனா திருட்டு, சுவரில் கிறுக்கல் போன்றவற்றுக்குப் பெற்றோரையும் ஆலோசகரையும் அழையுங்கள். போலீசுக்கே போனாலும், கொடுங்குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால் ஒழிய, சிறார் மீது எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை என்கின்றன இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள். பையனைப் பயமுறுத்த மட்டும் போலீசைக் கூப்பிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அதன் பிறகு அவன் எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டான்.

போலீஸ் வந்தால் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மாணவரை எழுப்பி அழைத்துப் போக விடாதீர்கள். பெற்றோருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அந்த மாணவரின் பெயரையோ படத்தையோ போட்டால் அன்றே நீக்கச் சொல்லுங்கள்; அடையாளத்தை வெளியிடுவதும் தண்டனைக்குரிய குற்றம்.