பீப்பாயில் வந்த தாத்தாவும் பதிவேட்டில் இருக்கும் தாத்தாவும்

மூதாதையைத் தேடித் தரச் சொல்லி வந்த ஒருவர் என் மேசையில் முதலில் வைத்தது ஒரு கேடயச் சின்னம். கண்ணாடிச் சட்டம், சிவப்பு வெல்வெட், கீழே பொன்னெழுத்தில் குடும்பப் பெயர். இணையத்தில் பணம் கட்டி வாங்கியது. லண்டனில் இருந்துகொண்டு குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் தொழில். சின்னத்தோடு வருகிறவர்களிடம் கதையும் இருக்கும் என்பது அனுபவம். அவரிடமும் இருந்தது. மூதாதை பிரான்சின் லா ரொஷெல் நகரத்துப் பிரபு, ஹியூகனாட் என்ற புராட்டஸ்டண்ட், மதத்துக்காகத் துரத்தப்பட்டவர், திராட்சை மதுப் பீப்பாய்க்குள் ஒளிந்து இங்கிலாந்து வந்து சேர்ந்தவர்.

கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. கப்பல் சரக்குக்குள் ஒளிந்து தப்பியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். ஆனால் இதே பீப்பாய்க் கதை, பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு நோட்டுக் காகிதம் செய்து கொடுத்த போர்ட்டல் குடும்பத்திலும் உண்டு. துணி ஆலைகள் நடத்திய கோர்டால்ட் குடும்பத்தில் பீப்பாய்க்குப் பதில் காய்கறிக் கூடை. ஒரே கதை பல வீடுகளில் இருந்தால், ஒரு வீட்டின் அனுபவம் மற்ற வீடுகளுக்கும் பரவியிருக்கலாம் என்று நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் கால்வினிய புராட்டஸ்டண்டுகளைத்தான் ஹியூகனாட்டுகள் என்கிறோம். 1598இல் நான்காம் ஹென்றி நான்ட் ஆணை மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். அவருடைய பேரன் பதினான்காம் லூயி 1685 அக்டோபரில் அதை ரத்து செய்தார். அதற்கு நாலு வருடம் முன்பே மேற்கு பிரான்சின் புவாத்து பகுதியில் அவர்கள் வீடுகளுக்குள் குதிரைப்படை வீரர்களைக் குடியேற்றி, மதம் மாறும்வரை தின்று அழிக்கச் சொல்லியிருந்தது அரசு. ரத்தான பிறகு போதகர்களுக்குப் பதினைந்து நாள் கெடு, நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். சாதாரண ஜனங்களோ போகவே கூடாது. எல்லையில் பிடிபட்ட ஆணுக்கு ஆயுள் முழுக்க அரசுப் படகில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்ணுக்குச் சிறை அல்லது கன்னிமடம். அப்படியும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வெளியேறினார்கள். சுமார் 50,000 பேர் இங்கிலாந்துக்கு. இன்னும் பலர் டச்சு நகரங்களுக்கும் ஜெர்மன் சிற்றரசுகளுக்கும். 1688இல் தொடங்கி ஒரு சிறு கூட்டம் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும்கூடப் போனது. அகதியைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று புழங்கும் ‘ரெஃப்யூஜி’ என்ற சொல்லே இவர்களோடுதான் வந்து ஊன்றியது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஹியூகனாட் வேரைத் தேடுகிறவர்களில் பலர் பிரான்சில் இருந்து தொடங்குகிறார்கள். பெயரைத் தேடுபெட்டியில் போடுகிறார்கள், அதே பெயரில் ஒரு பிரபு வம்சம் கிடைக்கிறது, உடனே தம் குடும்பத்தை அதில் ஒட்டிவிடுகிறார்கள். அதை இன்னொருவர் நகலெடுக்க, இருபது குடும்ப மரங்களில் ஒரே தவறு நிற்கிறது. இருபது இடத்தில் இருப்பதால் உண்மை என்று தோன்றிவிடுகிறது. என்னிடம் வந்தவர் கையிலும் அப்படி ஒரு மரம்தான். அதில் ஒரு தாய்க்கு ஒன்பது வயதில் பிள்ளை பிறந்திருந்தது. யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

பெயர் மட்டும் சான்றாகாது. பிளாங்க் என்பவர் ஒயிட் ஆனார், துபுவா என்பவர் உட் ஆனார். அதனால் ஒயிட் எல்லாரும் பிரெஞ்சுக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். தூய பிரெஞ்சுப் பெயராக இருந்தாலும் ஹியூகனாட்டாக இருக்க வேண்டியதில்லை. 1560கள், 70களிலேயே இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து பிரெஞ்சு பேசும் வாலூன் நெசவாளர்கள் நாரிச், கேன்டர்பரி நகரங்களுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் ஓடியது ஸ்பானிய ஆட்சிக்குப் பயந்து. பிரெஞ்சு மன்னருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இதைக் கவனிக்காமல் பிரான்சில் பத்து வருடம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

எனவே அவரிடம் சின்னத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அவருடைய அப்பாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டேன். முகம் வாடிவிட்டது. ஆனால் பாதை அதுதான். 1837 ஜூலை வரை அரசுப் பதிவுகள் நம்மைப் பின்னோக்கிக் கொண்டுபோகும். அதற்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காகிதம் கிடைக்காமல் அடுத்த படியில் கால் வைக்கக்கூடாது. இப்படிப் போனதில் அவர் குடும்பம் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் வழியாக ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் வந்து நின்றது. பட்டு நெசவாளர் பேட்டை. அங்கே ஃபோர்னியர் தெருவில் 1743இல் ஹியூகனாட்டுகள் கட்டிய கோவில் பிறகு மெதடிஸ்ட் ஜெபவீடாகி, யூதத் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அடக்கப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயர். அதற்கு முந்தைய தலைமுறையில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. வழி திறந்தது ஒரு உயில். இறந்தவரின் உயிலை நீதிமன்ற எழுத்தர் பெரிய புத்தகத்தில் படியெடுத்து வைப்பார். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தப் படிதான். நான் மூல உயிலைக் கேட்டேன். உயிலை எழுதிக் கொடுத்தவர் மேலே ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தார். கீழே, நடுங்கும் கையால், கிழவர் தன் பிரெஞ்சுப் பெயரைப் போட்டிருந்தார். ஐம்பது வருடம் இங்கிலாந்தில் வாழ்ந்த பிறகும் கையெழுத்து மாறவில்லை. தயவுசெய்து மூலத்தைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான்.

பிரெஞ்சுப் பெயர் கிடைத்ததும் லண்டனின் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் கூடிய திரெட்நீடில் தெருக் கோவில் பதிவேட்டுக்குப் போனோம். 1550இல் ஆறாம் எட்வர்ட் அனுமதி கொடுத்துத் தொடங்கிய சபை. பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1885இல் தொடங்கிய ஹியூகனாட் சங்கம் அவற்றை அச்சிட்டும் வைத்திருக்கிறது. பிரெஞ்சு வழக்கப்படி பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே பதிவாகிறார்கள். ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் உறவினர்கள் அல்லது ஊர்க்காரர்கள். ஆங்கிலப் பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று புரியும். திருமணப் பதிவில் பல சமயம் சொந்த ஊரும் இருக்கும். நாங்கள் தேடியவருக்கு இருந்தது. லா ரொஷெல் இல்லை; நார்மண்டியில் உள்ள ரூவான். தொழில் நெசவு. பிரபு இல்லை.

வந்தவர்கள் ஊர்ச் சபையிலிருந்து கொண்டுவந்த நற்சாட்சிப் பத்திரங்களுக்கும் தனிப் பதிவு உண்டு. ஆனால் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது வேறொரு பதிவு. பிரான்சில் படைவீரர்களுக்குப் பயந்து கத்தோலிக்கத்துக்கு மாறுவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் லண்டன் வந்ததும் சபை முன்னால் நின்று, ‘பயத்தில் மறுதலித்தேன், மன்னியுங்கள்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் அவருடைய மூதாதையின் மனைவி பெயர் இருந்தது. வீட்டுக் கதையில் அந்தப் பெண் எங்குமே வரவில்லை. வந்தவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேதிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரான்ஸ் 1582இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. 1700 வரை பத்து நாள் வித்தியாசம், அதன் பிறகு பதினொரு நாள். போதாததற்கு, இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் ஒரு முழு வருடமே இடறும். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே லண்டன் வந்துவிட்டதாகக் காட்டும் மரங்களை இதனால் பார்க்கிறோம்.

டிஎன்ஏ சோதனை போதாதா என்று கேட்பார்கள். ஹியூகனாட் என்று காட்டும் மரபணு கிடையாது. வட பிரான்சையும் தென் இங்கிலாந்தையும் சோதனை காட்டும் வம்சாவளி விழுக்காடுகள் தெளிவாகப் பிரிப்பதும் இல்லை. மேலும் பொழுதுபோக்காக மரபணுச் சோதனை செய்துகொள்வது பிரான்சில் சட்டவிரோதம். அதனால் அங்கே தங்கிவிட்ட உறவினர்கள் உங்கள் மரபணுப் பொருத்தப் பட்டியலில் அரிதாகவே தென்படுவார்கள்.

ரூவான் நகருக்குள் புராட்டஸ்டண்டுகள் கோவில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே கெவிலிக்குப் போய் வழிபட்டார்கள். அந்தக் கோவில் 1685இல் இடிக்கப்பட்டது, பதிவேடுகள் தப்பின. பிரான்சின் மாவட்ட ஆவணக் காப்பகங்கள் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பணம் கேட்கும் தளங்களுக்கு ஓடும் முன் அங்கே பாருங்கள். மூதாதையின் ஞானஸ்நானப் பதிவு அப்படித்தான் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு தம்பியும் பிறந்திருந்தான்.

அந்தத் தம்பி ஓடவில்லை. 1685க்குப் பிறகு கத்தோலிக்கப் பதிவேட்டில் வருகிறான், ‘புதிதாக மதம் மாறியவன்’ என்ற அடைமொழியோடு. ஓடிப்போனவர்களின் சொத்தை முதலில் அரசு பறிமுதல் செய்தது. 1689 டிசம்பரில் வந்த ஆணை அதை நாட்டிலேயே தங்கிய நெருங்கிய உறவினர்களுக்குக் கொடுத்தது. அப்படிக் கைமாறிய சொத்துகளுக்குப் பத்திரம் எழுத வேண்டும். பத்திரம் என்றால் நோட்டரியிடம் ஒரு கட்டு இருக்கும். ரூவானில் தெரிந்த ஆய்வாளர் ஒருவரை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். போன மாதம் படம் அனுப்பினார். தறி ஒன்று, பெட்டி ஒன்று, வீட்டில் பாதி பங்கு. பங்குக்கு உரியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர், பக்கத்தில் ‘ராஜ்யத்தைவிட்டு வெளியேறியவர்’. தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறான். லண்டன் உயிலில் பார்த்த அதே குடும்பப் பெயர், அதே எழுத்துக்கூட்டல்.