மைனஸ் பத்து என்று எழுதியிருப்பதை நம்பிப் படுக்காதீர்கள்

கோயம்புத்தூரில் மலையேற்றப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் கல்லூரி மாணவர் ஒருவர் இணையத்தில் வாங்கிய ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் குளிர்தாங்கும் பை) ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "மைனஸ் பத்துன்னு போட்டிருக்குதுங்கண்ணா, ஆனா ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லைங்க" என்றார். உத்தராகண்டில் 12,500 அடி உயரமுள்ள கேதார்காந்தாவுக்கு டிசம்பர் இறுதியில் போய்வந்திருக்கிறார். நடுக்கம் தாங்காமல் உடன் படுத்திருந்த நண்பர் விடியற்காலையில் டென்ட்டுக்குள்ளேயே கேஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குளிர்காய்ந்ததையும் சர்வசாதாரணமாகச் சொன்னார். இந்தக் குளிர்காலத்தில் இதே குறையோடு வந்தவர்களில் அவர் ஐந்தாவது ஆள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பையின் உட்புறத்தைப் புரட்டிக் காட்டினேன். ஜிப் ஓரத்துத் தையலில் விரல் அகலத்துக்கு ஒரு லேபிள் இருந்தது. அதில் கம்ஃபர்ட் 7, லிமிட் 3, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10 என்று மூன்று எண்கள். வெளியுறையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது மூன்றாவது எண்ணை மட்டும்தான்.

எக்ஸ்ட்ரீம் என்பது சுகமாகத் தூங்குவதற்கான அளவே அல்ல. இந்த எண்களை அளக்கும் முறையை 2002ஆம் ஆண்டில் வந்த ஐரோப்பியத் தரநிலை இ.என். 13537 வகுத்தது, 2016இல் அதன் இடத்துக்கு ஐ.எஸ்.ஓ. 23537 வந்தது. உடல்சூட்டைப் போலச் சூடேற்றிய பொம்மை ஒன்றுக்கு உள்ளாடையும் சாக்ஸும் மாட்டி, பைக்குள் இட்டு, அடியில் மேட் என்னும் படுக்கை விரிப்பும் போட்டுத்தான் சோதிக்கிறார்கள். கம்ஃபர்ட் என்பது 60 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பெண், உடலைத் தளர்த்திப் படுத்துக் குளிரை உணராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது 73 கிலோ எடையுள்ள ஓர் ஆண், உடலைக் குறுக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் சமாளிக்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பதோ, அந்தப் பெண் ஆறு மணி நேரம் உடல்வெப்பம் குறைந்து இறந்துபோகாமல் தாக்குப்பிடிக்கலாம் என்பது மட்டுமே. அப்போதும் விரல்கள் உறைந்து புண்ணாகும் ஆபத்து உண்டு. அந்த மாணவர் வாங்கியது 7 டிகிரிக்கான பை. ஊட்டியில் குளிர் குறைந்த மாதங்களுக்கு அது போதும். பனிமேல் போட்ட டென்ட்டுக்கு எப்படிப் போதும்?

"தடிமனாகத்தானே இருக்கிறது" என்று பலர் வாதிடுகிறார்கள். பை சூட்டை உண்டாக்குவதில்லை. உங்கள் உடல் விடும் சூட்டைத்தான், உள்ளே உப்பி நிற்கும் இறகோ பஞ்சோ பிடித்துவைத்திருக்கும் காற்றின் உதவியால், வெளியே போகாமல் தடுக்கிறது. நீங்கள் படுத்தவுடன் முதுகுக்கு அடியிலிருக்கும் பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிடுவதால் அந்தப் பக்கத்தில் தடுப்பென்று ஏதும் மிஞ்சுவதில்லை. மேட் வேண்டுமென்று நாங்கள் வற்புறுத்துவதை, இன்னொரு பொருளைத் தலையில் கட்டப் பார்க்கிறோம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வீட்டிலிருக்கும் யோகா மேட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பனிக்குப் போனவர்கள் அத்தனை பேரும் இடுப்பு விறைத்துத்தான் எழுந்திருக்கிறார்கள். மேட்டில் ஆர்-வேல்யூ என்றொரு எண் போட்டிருக்கும்; உடல்சூடு தரைக்குப் போகாமல் அது எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது அது. பனிமேல் படுப்பதென்றால் அது 4க்குக் குறையக் கூடாது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. விற்பனை இலக்கை எட்ட வேண்டிய மாதக் கடைசியில், உறையிலிருக்கும் பெரிய எண்ணையே உரக்கப் படித்துக்காட்டும் பணியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். எண் கேட்டால் லேபிளைப் புரட்டிக் காட்டும் கடையில் வாங்குங்கள். மூன்று எண்களும் இல்லாத பையை விட்டுவிடுங்கள்.

போகும் இடத்தில், போகும் மாதத்தில் இரவு வெப்பநிலை எவ்வளவு குறையும் என்று பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டு, கம்ஃபர்ட் எண் அதைவிட ஐந்து டிகிரியாவது கீழே இருக்கும்படி பாருங்கள். பெண்களும் ஒல்லியானவர்களும் ஐம்பதைக் கடந்தவர்களும் லிமிட் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். படுக்கும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள், நடந்தபோது வியர்த்த உடையை மாற்றுங்கள், தலைக்குக் கம்பளிக் குல்லாய் போடுங்கள். மூக்கைப் பைக்குள் புதைக்காதீர்கள். மூச்சின் ஈரத்தில் உள்ளிருக்கும் இறகு நனைந்து ஒட்டிக்கொள்ளும். குளிருக்கு இதமென்று மது குடிப்பது உடல்சூட்டை இன்னும் வேகமாக இழக்கவே வைக்கும்.

ஸ்டவ் விஷயத்தில் சமாதானம் எதையும் நான் ஏற்பதாக இல்லை. மூடிய டென்ட்டில் கேஸோ கரியோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூக்கத்திலிருப்பவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். குளிர்ந்தால் பக்கத்து டென்ட்டில் இருப்பவரையோ வழிகாட்டியையோ எழுப்புங்கள். வெளியே வெந்நீர் வைத்துப் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் பையைச் சிறிய உறையில் திணித்துப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஓர் ஆண்டு நசுங்கிக் கிடந்த இறகு பிறகு பழையபடி உப்பாது. அதனால்தான் கடையில் நாங்கள் விற்பனைக்குள்ள பைகளைத் தொங்கவிட்டு வைத்திருக்கிறோம்.

வாழ்க்கையில் ஒருமுறைதான் பனிமலைக்குப் போகப்போகிறீர்கள் என்றால் மலிவான பையை வாங்குவதைவிட நல்ல பையை வாடகைக்கு எடுப்பதே மேல். எடுக்கும்போது விரித்து உதறிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பாமல் சப்பையாகக் கிடந்தால் வேறு கேளுங்கள். வாங்குவதானாலும் உறையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், மேட்டின்மேல் விரித்து உள்ளே படுத்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, தோளும் கால்விரலும் இடிக்கின்றனவா என்று பாருங்கள். கடையில் நான்கு பேர் பார்க்கப் படுக்கக் கூச்சமாக இருந்தால் வார நாட்களில் மதியம் வாருங்கள். அப்போது கூட்டமும் இருக்காது, தரையில் விரிக்க இடமும் இருக்கும்.