தொய்யாத கம்பி கிடையாது

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஒரே ஹால் உள்ள வீடு. குறுக்கே பத்தடிக்குக் கம்பி கட்டி, ஸ்கிரீன் மாட்டி, ராத்திரியில் இரண்டு அறையாக்கிக்கொள்கிறார்கள். எவ்வளவு இறுக்கினாலும் ஸ்கிரீனை மாட்டியதும் கம்பி நடுவில் தொங்கிவிடுகிறது. போன மாதம் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியதில் கொக்கி, பிளக், கையகலத்துக்குப் பூச்சு எல்லாம் சேர்ந்து கையோடு வந்துவிட்டதாம். அதே வாரம் தாத்தா படமும் விழுந்து கண்ணாடி உடைய, மாமியார் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லிவிட்டார். "கம்பி மட்டமா, சுவர் மட்டமா?" என்பது கேள்வி.

இரண்டும் பாவம். கம்பிக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: தன் நீளவாக்கில் இழுப்பது. கிடைமட்டமாக நேராக நிற்கிற கம்பி பக்கவாட்டில் மட்டுமே இழுக்கும். ஸ்கிரீனின் எடையோ கீழ்நோக்கி. அதைத் தூக்கிப் பிடிக்க மேல்நோக்கி ஒரு விசை வேண்டும். கம்பி கொஞ்சமாவது சாய்ந்தால்தான் அது கிடைக்கும். சாய்வு குறையக் குறைய, அதே எடையைத் தாங்க இழுவிசை ஏறிக்கொண்டே போகும். துணி காயப்போடும் கொடியின் இரு முனைகளையும் இரண்டு பயில்வான்கள் பிடித்து இழுக்கட்டும். நடுவில் ஒரு குழந்தை விரலால் அழுத்தினாலே கொடி இறங்கிவிடும்.

கணக்கு எளிது. எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் இழுவிசை. 3 கிலோ ஸ்கிரீன், 3 மீட்டர் கம்பி, நடுவில் 3 செ.மீ. தொய்வு என்றால் ஒவ்வொரு கொக்கியையும் சுமார் 37 கிலோ எடைக்குச் சமமான விசை இழுக்கும். தொய்வை 1 செ.மீ.க்குக் குறைத்தால் 112 கிலோ. இரண்டு சிமென்ட் மூட்டைக்கும் மேல்! 3 மி.மீ. என்றால் 375 கிலோ. தொய்வே வேண்டாம் என்றால்? பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டியிருக்கும். விஸ்வகர்மாவே வந்தாலும் அந்தக் கொக்கியை அடிக்க முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த விஷயம். 3 மீட்டர் இடைவெளியில் துல்லியமான நேர்கோட்டுக்கும், நடுவில் 3 செ.மீ. தொங்கும் வளைவுக்கும் நீளத்தில் எவ்வளவு வித்தியாசம் இருக்கும்? உங்கள் ஏ.டி.எம். கார்டை எடுத்து விளிம்பைப் பாருங்கள். அவ்வளவுதான், முக்கால் மி.மீ. சொச்சம். கண்ணை உறுத்துகிற அந்தத் தொய்வு முழுவதும் ஒரு கார்டின் கனத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 2 மி.மீ. தடிமனுள்ள ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), தொங்காமல் நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் கட்டிவிட்டு அதே ஸ்கிரீனை மாட்டினால், நடுவில் 4 செ.மீ. அளவுக்கு இறங்கும். இத்தனைக்கும் கம்பி நீண்டது ஒன்றரை மி.மீ.கூட இருக்காது. இரும்பும் ரப்பர் மாதிரி நீளும், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. பல இழைகளை முறுக்கிய கம்பி இன்னும் நீளும். புதிதில் இழைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காருவதால், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

இறுக்குவதற்குப் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் டர்ன்பக்கிள் கிடைக்கும். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. நடு உடலைத் திருப்பினால் இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் உள்ளே வரும். 5 மி.மீ. திருகுள்ளதில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.6 மி.மீ. அருமையான கருவி, கூடவே ஆபத்தானதும். விரலால் லேசாகத் திருப்பும்போது சுவரில் எத்தனை கிலோ ஏறுகிறது என்று கைக்குத் தெரியாது. வாசகி வீட்டுச் சுவர் பெயர்ந்த கதை இதுதான். ராயபுரம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் இன்னும் மோசம். செங்கல் பார்த்துத் துளை போடுங்கள், இடைக்காரையில் பிளக் நிற்காது. கடற்காற்றுக்குச் சாதாரணக் கட்டுக்கம்பியும் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? நடுவில், சீலிங்கிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை இறக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நீளம் பாதியானால், அதே இழுவிசைக்குத் தொய்வு கால் பங்காகிவிடும், 3 செ.மீ. முக்கால் செ.மீ. ஆகும். ஸ்கிரீனை இரண்டு துண்டாக மாட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. என் வீட்டில் இப்படித்தான் செய்தேன், செலவு ஐந்நூறைத் தாண்டவில்லை.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேல் இரண்டு கம்பிகள். மேல் கம்பி வெட்கமில்லாமல் தொய்ந்திருக்கும். அதிலிருந்து கம்பத்துப் பக்கம் நீளமாகவும் நடுவில் குட்டையாகவும் துண்டுக் கம்பிகள் இறங்கி, கீழ்க் கம்பியை அநேகமாக நேராகப் பிடித்திருக்கும். வழக்கமான அமைப்பில் இரண்டுமே தலா ஒரு டன் இழுவிசையில் நிற்பவை. அந்த இழுவிசை மாறாமல் இருக்க, கம்பி முடியும் கம்பத்தில் கப்பி வழியாக எடைக்கட்டிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். வெயிலில் கம்பி நீண்டால் எடை இறங்கும், குளிர்ந்தால் ஏறும். மோட்டாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.   

தாத்தா படத்துக்கும் இதே கணக்குதான். பின்புறக் கயிற்றை விறைப்பாகக் கட்டியிருப்பார்கள். 4 கிலோ படத்தில் கயிறு 5 டிகிரிதான் சாய்ந்திருந்தால் அதில் 23 கிலோ இழுவிசை. 30 டிகிரி சாய்ந்தால் வெறும் 4 கிலோ. இரண்டடி அகலச் சட்டத்துக்கு அரைச் சாண் கயிறு கூடுதலாக விட்டால் போதும். வளையங்களைச் சட்டத்தில் கொஞ்சம் கீழே இறக்கி அடித்தால் ஆணி வெளியே தெரியாது.

எலுமிச்சம்பழம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், உப்புப் போட்டு ஜூஸ் பிழிந்து மாமியாருக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள்.