நிஜம் போலிருக்கும் பொம்மைத் துப்பாக்கியை பிரிட்டனில் காரில் ஏற்றும் முன்

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி இருக்கும். நண்பர் வீட்டுப் பையன், எம்.எஸ்சி. படிக்க வந்தவன், குறும்பட ஷூட்டிங்கை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறான். பின்சீட்டில் கறுப்பாக ஒரு கைத்துப்பாக்கி. பிளாஸ்டிக்தான். மேலே ஜாக்கெட்டைப் போட்டிருந்தான், கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பம்பில் நின்றவர் போலீஸ் அவசர எண்ணான 999-ஐ அழைத்துவிட்டார். காசு கட்டிவிட்டு வெளியே வந்தவனை, கையில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டோடு ஈரத்தரையில் குப்புறப் படுக்கவைத்து விலங்கு மாட்டினார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டார்கள். பொம்மை மட்டும் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவன் என்னிடம் மாற்றி மாற்றிச் சொன்னது ஒன்றுதான்: "அங்கிள், நான் பில் போட்டுத்தான வாங்கினேன்?"

பில் போட்டுத்தான் வாங்கினான். யாரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே வாங்குவதற்கு ஒரு சட்டம், வெளியே எடுத்துப்போவதற்கு வேறொரு சட்டம். முதல் சட்டத்தில் பாஸ் ஆனவர் இரண்டாவதிலும் பாஸ் என்று நினைத்துக்கொள்வதால்தான் இத்தனை பேர் மாட்டுகிறார்கள். கடைக்காரர் முதல் சட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், ஏனென்றால் மாட்டினால் மாட்டுவது அவர். இரண்டாவதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்கும் பக்கத்தைப் பார்ப்பது 2006-இன் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், 36-ஆம் பிரிவு. நிஜத் துப்பாக்கியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத போலியைத் தயாரிப்பது, விற்பது, நாட்டுக்குள் கொண்டுவருவது எல்லாம் குற்றம். நாடகம், சினிமா, டிவி, அருங்காட்சியகம், காப்பீட்டோடு நடக்கும் ஏர்சாஃப்ட் ஆட்டம் (பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கியோடு ஆடும் சண்டை விளையாட்டு) போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எடுத்துப்போகும் பக்கத்தைப் பார்ப்பது 1968-இன் துப்பாக்கிச் சட்டம், 19-ஆம் பிரிவு. பொது இடத்தில், தகுந்த அதிகாரமோ நியாயமான காரணமோ இல்லாமல் போலித் துப்பாக்கி வைத்திருந்தால் 12 மாதம் வரை சிறை. காரணம் இருந்தது என்று காட்டவேண்டியது உங்கள் பொறுப்பு, போலீஸின் பொறுப்பு அல்ல. சாலை பொது இடம். கார் உங்கள் பெயரில் இருப்பதால் அதன் உட்புறம் உங்கள் வீட்டு ஹால் ஆகிவிடாது. டிக்கியில் இருந்தாலும் அது உங்களிடம் இருப்பதுதான்.

இனி, ஆட்கள் மாட்டும் இடங்கள்.

முதலாவது, நிறம். பாதிக்குமேல் பளிச்சென்று நீலமோ ஆரஞ்சோ பூசிய துப்பாக்கிகளைக் கடைகளில் ஏர்சாஃப்ட் பதிவு எதுவும் கேட்காமல், பதினெட்டு வயது ஆனவருக்குத் தந்துவிடுவார்கள். நிறம் மாறியதால் அது 36-ஆம் பிரிவுக்கு வெளியே போகிறது, அவ்வளவுதான். 19-ஆம் பிரிவு "நிஜம் போன்ற" என்ற வார்த்தையையே கேட்பதில்லை. துப்பாக்கியின் தோற்றம் இருந்தால் போதும், சுடக்கூட வேண்டாம். 2005-இல் ஒரு வழக்கு, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. ஜாக்கெட்டுக்குள் விரலை நீட்டித் துப்பாக்கி மாதிரி காட்டி மிரட்டியவருடைய வழக்கு. விரல் உடம்பின் ஒரு பகுதி, அதை ஒருவர் 'வைத்திருக்க' முடியாது, ஆகவே அது போலித் துப்பாக்கி ஆகாது என்று தீர்ப்பானது. விரல் தப்பித்துவிட்டது. நீலத் துப்பாக்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ராத்திரி, தெருவிளக்கு வெளிச்சத்தில் நீலமும் கறுப்புதான்.

அந்த நீலத்தின்மேல் கறுப்பு ஸ்ப்ரே அடிப்பது இன்னொரு தனிக் குற்றம். போலியை நிஜம் போல மாற்றுவதும் 36-ஆம் பிரிவில் வருகிறது. குறும்படம் எடுக்கும் பையன்கள் இதை கராஜில் சாவகாசமாகச் செய்கிறார்கள்.

இரண்டாவது, 'யூகாரா லைசென்ஸ்'. அப்படி ஒரு லைசென்ஸ் கிடையாது. யூகாரா என்பது ஏர்சாஃப்ட் விற்பனையாளர்கள் சங்கம் வைத்திருக்கும் பட்டியல். குறைந்தது இரண்டு மாதத்துக்குப் பரவலாக மூன்று ஆட்டம் ஆடி, ஆடிய களத்தின் மூலம் பெயரைச் சேர்க்க வேண்டும். இதில் நடக்கும் அலைச்சல் தனிக்கதை. ஃபாரம் களத்திலேயே இருக்கும், முத்திரை போடுகிறவர் அன்று வந்திருக்க மாட்டார், மூன்றாவது ஆட்டத்தில் "முதல் ஃபாரம் கிடைக்கவில்லை, புதிதாக ஆரம்பிக்கலாமா?" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஐந்து ஆட்டம் ஆடித்தான் பதிவானார். ஒவ்வொரு முறை ஆடியதும் ஃபாரத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் பதிவு காலாவதியாகும், அதை யாரும் நினைவுபடுத்துவார்கள் என்று நம்பாதீர்கள். இத்தனை பாடுபட்டு வாங்கிய எண் உங்களுக்குத் தருவது கடையில் வாங்கும் வசதி மட்டுமே. செவ்வாய்க்கிழமை மாலை சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் போலீஸ் டிக்கியைத் திறக்கச் சொல்லும்போது அந்த எண்ணைக் காட்டினால், 'ஆட்டம் ஆடுகிறவர்' என்று தெரியும். 'இப்போது ஏன் இது இங்கே?' என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அதுதான் மூன்றாவது. நியாயமான காரணம் என்பது ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சமாச்சாரம் இல்லை, அந்தப் பயணத்தோடு ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை களத்துக்குப் போகும்போது காரணம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போதும் இருக்கிறது. சோம்பல்பட்டு டிக்கியிலேயே விட்டுவிட்டு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் காரணம் காலி. 'அடுத்த வாரமும் ஆட்டம் இருக்கே' என்பதை நம்பி நீதிமன்றம் வரை போகாதீர்கள். வழியில் சாப்பிட நிறுத்தலாம், பெட்ரோல் போடலாம், அதெல்லாம் பயணத்தில் அடங்கும். நண்பரிடம் காட்ட பார்க்கிங்கில் பெட்டியைத் திறப்பது அடங்காது.

நம் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கல் விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போடுகிறீர்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நீளத் துப்பாக்கி வாங்குகிறீர்கள். 1870-க்கு முந்தைய அமைப்பு என்று பார்த்தாலே தெரியும் துப்பாக்கியின் நகல் 36-ஆம் பிரிவில் வராது, வாங்குவதில் சிக்கல் இல்லை. ஆனால் மண்டபத்துக்கு எடுத்துப்போகும்போது அதுவும் போலித் துப்பாக்கிதான். ஆறு சிப்பாய்கள் சிவப்புக் கோட்டோடு ஒரே காரில் ஏறி, இடம் பத்தாமல் ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அன்று யாரும் 999-ஐ அழைக்கவில்லை. பின்சீட்டுக் குழந்தை பக்கத்துக் காரைக் குறிபார்த்து விளையாடினால் விஷயம் இன்னும் மோசம். பெரியவர் ஒருவர் அதையே பயமுறுத்தும் நோக்கத்தோடு செய்தால் 16ஏ பிரிவு, பத்து வருடம் வரை.

குறும்படக்காரர்களுக்கு: பாழடைந்த ஃபேக்டரி பார்க்க அழகாகத்தான் இருக்கும். உரிமையாளரைக் கேட்காமல் போலித் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தால் 20-ஆம் பிரிவில் அத்துமீறல் குற்றம் தனியாகச் சேரும்.

சரி, முன்கூட்டியே போலீஸிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். நல்ல யோசனை. அதில் எப்படி அலைவீர்கள் என்பதையும் கேளுங்கள். மேலே சொன்ன பையனின் அடுத்த படத்துக்காக நானே முயன்றேன். அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101-ஐ அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டபிறகு, "அனுமதி எல்லாம் நாங்கள் தருவதில்லை, ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்றார்கள். ஸ்டேஷன் கவுன்டரில் "துப்பாக்கி லைசென்ஸ் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள்" என்றார்கள். அந்தப் பிரிவு ஒன்பது நாள் கழித்துப் பதில் போட்டது: போலித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் என்று ஒன்று இல்லை, ஆகவே இது எங்கள் வேலை இல்லை, 101-ஐ அழைக்கவும். மூவர் சொன்னதும் உண்மை. மூவராலும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தப்பு என் கேள்வியில் இருந்தது. 'அனுமதி' என்ற சொல்லை வாயிலேயே எடுக்காதீர்கள். இல்லாத ஒன்றைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "இன்ன தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, இந்த முகவரியில் போலித் துப்பாக்கி வைத்துப் படப்பிடிப்பு நடக்கிறது. தகவல் பதிவு செய்து, கேட் (CAD) எண் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட் என்பது கட்டுப்பாட்டு அறையின் பதிவு எண். யாராவது பயந்து 999-ஐ அழைத்தால், அழைப்பை எடுப்பவர் திரையில் உங்கள் பதிவு தெரியும். லண்டனில் மெட்ரோபாலிடன் போலீஸில் படப்பிடிப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே நேராகப் போனால் பாதி அலைச்சல் மிச்சம். ஒன்றை மறக்காதீர்கள்: அந்த எண் அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும்தான். வீடு திரும்பும் வழிக்கு அது துணை வராது.

காரில் வைக்கும் முறை எளிது. மூடிய பெட்டி, முடிந்தால் பூட்டோடு. 19-ஆம் பிரிவில் பூட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் பூட்டிய பெட்டியைப் பார்த்ததும் எதிரே நிற்பவரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி வடிவில் தைத்த பை வேண்டாம், கிடார் பையோ சாதாரண டூல் பெட்டியோ மேல். மேகசினைக் கழற்றி, பேட்டரியைப் பிரித்து, குண்டுகளை வேறு பையில் போடுங்கள். கேஸ் டப்பாவை வெயிலில் நிற்கும் காரில் விடக்கூடாது, வெடிக்கும். எல்லாம் டிக்கியில், பின்சீட்டில் ஒன்றுமே வேண்டாம். ஹேட்ச்பேக் என்றால் மேல்தட்டை மூடுங்கள். ராணுவ உடுப்பைக் களத்தில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இறக்கும்போதும் பெட்டி மூடியே இருக்கட்டும், எதிர்வீட்டு ஜன்னலுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. ஆட்டத்துக்கு புக் செய்த மெயில் அல்லது ஷூட்டிங் அட்டவணையைக் காகிதத்தில் எடுத்துப் பெட்டிக்குள் அல்ல, டாஷ்போர்டில் வையுங்கள். போனில் இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். அந்த நேரத்தில் பாக்கெட்டுக்குள் கையை விடுவது உங்களுக்கு நல்லதில்லை.

போலீஸ் நிறுத்தினால் இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். டிக்கியைத் தேட வந்தால் நீங்களே முதலில் சொல்லுங்கள், ஆனால் சொல்லும் வரிசையில் கவனம். நம்மவர்கள் பதற்றத்தில் "சார், கன் இருக்கு" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. 'ஏர்சாஃப்ட்' அல்லது 'ஃபிலிம் ப்ராப்' என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும், 'கன்' என்ற சொல் வரவே வேண்டாம். டிக்கியை நீங்களாகப் போய்த் திறக்காதீர்கள். தேடும் அதிகாரம் அவர்களுக்கு 1968 சட்டத்தின் 47-ஆம் பிரிவிலேயே இருக்கிறது, மறுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தேடி முடித்ததும் பதிவின் நகல் கேளுங்கள். அங்கேயே தரவில்லை என்றால் மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம்.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால், வக்கீல் இலவசம். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். "வக்கீல் வந்தால் லேட் ஆகும், இதை ஒப்புக்கொண்டால் இப்போதே போகலாம்" என்ற பேச்சு வரும். அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் காஷன். எச்சரிக்கைதானே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும், குடியுரிமை விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். வக்கீல் வரும்வரை உட்கார்ந்திருங்கள். ஒரு ராத்திரி தூக்கம் போனால் போகட்டும்.

இன்னொரு காகிதமும் வரும், வெளியே விடும் நேரத்தில். டிஸ்க்ளெய்மர். "இந்தப் பொருளில் எனக்கு உரிமை இல்லை, அழித்துவிடலாம்" என்று சொல்லும் காகிதம் அது. பொருள் வாங்கிக்கொண்டதற்கான ரசீது போலவே இருக்கும். அந்தப் பையன் விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்ணெரிச்சலோடு கையெழுத்துப் போட்டது அதில்தான். போடாமல் இருந்திருந்தால், விசாரணை முடிந்தபிறகு பொருளைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கலாம், தர மறுத்தால் 1897-இன் போலீஸ் சொத்துச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டிருக்கலாம். கையெழுத்துப் போட்டதன் நகல்கூட அவனிடம் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம், ஏழாவது வாரம் ஓடுகிறது.