கப்பல் ஹாரனை ஸ்பாஞ்ச் தடுக்காது

அரங்குகளுக்கு ஒலி அமைப்பு பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். போன வருடம் ஒருவர், சாலையோரக் கட்டடத்தின் முதல் மாடியில் நூறு பேர் உட்காரும் சின்னக் கச்சேரி அரங்கைக் கட்டி முடித்துவிட்டு என்னை அழைத்தார். நான்கு சுவரிலும் சாம்பல் நிற ஸ்பாஞ்ச், கூம்பு கூம்பாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. "சவுண்ட் ப்ரூஃப் பண்ணியாச்சு சார், ஆனா பஸ் போற சத்தம் அப்படியே கேக்குது" என்றார். கேட்காமல் எப்படி இருக்கும்?

இந்தக் குழப்பம் எனக்குப் பழகிப்போனது. வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் நிறுத்துவது ஒரு வேலை. உள்ளே எழும் ஒலி எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது வேறு வேலை. ஸ்பாஞ்ச் இரண்டாவதற்குத்தான் உதவும், அதுவும் ஓரளவுக்கு. முதல் வேலைக்குச் சுவரில் எடை வேண்டும், நடுவே காற்றிடைவெளி வேண்டும், சந்து இல்லாத கதவு வேண்டும்.

இதை விளக்க நான் வழக்கமாகக் காட்டும் படம், ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் நிற்கும் எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கு. மூன்று பக்கமும் தண்ணீர். அடிப்பகுதி 1960களில் கட்டிய செங்கல் கிடங்கு. கோகோ, தேயிலை, புகையிலை மூட்டைகளை அடுக்கிய இடம். சரக்கெல்லாம் கன்டெய்னருக்கு மாறியதும் கிடங்குக்கு வேலையில்லாமல் போனது. ஹெர்சோக், டி மியூரான் என்ற சுவிஸ் கட்டடக்கலை நிறுவனத்தார் அதன் வெளிச்சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே அலையலையான கண்ணாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். மொத்த உயரம் 110 மீட்டர். எல்லோரும் கண்ணாடியைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வெளியிலிருந்து தெரியாத பகுதி.

துறைமுகம் என்றால் கப்பல் ஹாரன். 200 மீட்டர், அதற்கு மேல் நீளமுள்ள கப்பலின் ஹாரன் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு 70 முதல் 200 அதிர்வு என்ற தாழ்ந்த சுருதியில், ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. 70 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் அதை என்ன செய்துவிடும்? கொசுவலையை விரித்து யானையை நிறுத்தப் பார்க்கிற கதைதான். போதாததற்கு அதே கட்டடத்துக்குள் ஹோட்டல், குடியிருப்பு, கார் நிறுத்துமிடம், இன்னொரு சிறிய அரங்கு.

அதனால் 2,100 பேர் அமரும் பெரிய அரங்கை, கட்டடத்துக்குள் ஒரு தனிக் கட்டடமாகவே செய்தார்கள். அதன் எடை 12,500 டன். 362 ஸ்பிரிங் தொகுப்புகளின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. காற்றில் வரும் சத்தத்தைவிட, கான்கிரீட் வழியாக ஊர்ந்து வரும் அதிர்வுதான் பெரிய தொல்லை. ஸ்பிரிங் அந்த வழியை அறுத்துவிடுகிறது. இப்படிப் பிரித்த பிறகு, ஒரே ஒரு குழாய் உள்கூட்டையும் வெளிக்கூட்டையும் இறுக்கமாகத் தொட்டாலும் உழைப்பு வீண். நான் பார்த்த வேலைகளில் ஏசி டக்ட்தான் முக்கால்வாசி நேரம் இந்தக் குற்றவாளி.

அப்புறம் உள்வேலை. ஒலிக்குப் பொறுப்பு ஜப்பானியரான யசுஹிசா டொயோடா. மேடை நடுவில், இருக்கைகள் சுற்றிலும் படிப்படியாக ஏறுகின்றன. திராட்சைத் தோட்ட அமைப்பு என்பார்கள். இசை நடத்துநரிடமிருந்து 30 மீட்டருக்கு அப்பால் யாருமே இல்லை. சுவரிலும் கூரையிலும் சுமார் 10,000 ஜிப்சம் நார்ப் பலகைகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு குழிகள். கவனியுங்கள், இவை கனமான, கெட்டியான பலகைகள். ஒலியை உறிஞ்சுவதற்காக அல்ல, நாலாபக்கமும் சிதறடிப்பதற்காக. குறை இல்லாமலும் இல்லை: பாடகரின் வாய் ஒரு பக்கம்தானே பார்க்கும்? முதுகுப் பக்கம் அமர்பவருக்குச் சொற்கள் மங்கும். பெரிய வாத்தியக் குழுவுக்கு அமைந்த வடிவம் தனிக்குரலுக்கு அப்படியே ஒத்துவராது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் பங்கு 77 மில்லியன் யூரோ என்று தொடங்கி 789 மில்லியனில் முடிந்தது. 2010இல் திறப்பதாக இருந்தது, 2017 ஜனவரியில் திறந்தது. திட்ட வரைபடங்கள் முதிர்வதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டதை, பின்னர் விசாரித்த சட்டமன்றக் குழு முக்கியக் காரணமாகச் சொன்னது. சிட்னி ஓபரா ஹவுஸ் கதையும் இதேதான். 1959இல் வேலை தொடங்கியபோது அந்தக் கூரைகளை எப்படிக் கட்டுவது என்றே தீர்மானமாகவில்லை. பாதியில் பெரிய அரங்கைக் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றி, பாட்டாகவே நடிக்கும் நாடகமான ஓபராவைச் சிறிய அரங்குக்குத் தள்ளினார்கள். அங்கே வாத்தியக்காரர்களுக்கு இட நெருக்கடி.

சரி, நம் சாலையோர அரங்கு. கதவுக்கு அடியில் என் விரல் நுழைந்தது. ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. கனமான கதவு போட்டு, சுற்றிலும் ரப்பர் பீடிங் கொடுத்து, ஜன்னலுக்கு உள்பக்கம் சற்றுத் தள்ளி இரண்டாவது கண்ணாடி வைத்தோம். ஸ்பாஞ்சில் பாதியை உரித்தோம். பாட்டின் மேல் சுரங்களைத் தின்று மந்தமாக்கியிருந்தது அதுதான். இப்போது பஸ் ஹாரன் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் லாரி போனால் தரை இன்னும் அதிர்கிறது. ரப்பர் மேல் தனித்தளம் போட்டிருந்தால் அதுவும் குறைந்திருக்கும். அரங்கின் உயரம் ஒன்பதடிதான், அதற்கு இனி இடமில்லை.