லாகின் வாலில்தான் காரணம் இருக்கிறது, வெட்டுப்படுவதும் அந்த வால்தான்

சர்வீஸ் விழுந்துவிட்டது. எல்லா சர்வர்களின் லாக்குகளும் (நடப்பவற்றின் பதிவுகள்) வந்து சேரும் மைய லாக் சர்வரில் தேடினால் எர்ரர் கிடைக்கிறது. நேரம், சர்வர் பெயர், பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் டிரேஸின் மேல்பகுதி எல்லாம் இருக்கின்றன. "காஸ்டு பை" என்று தொடங்கும் கடைசிப் பகுதியை மட்டும் காணோம். ஜாவாவில் மூல காரணம் அடியில்தான் வரும். பைதானிலும் பிழையின் பெயர் கடைசி வரியில்தான். அளவு மீறிய செய்தியை லாக் மென்பொருள்கள் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் நறுக்குகின்றன. ஆக, தேவையான வரி எதுவோ அதுவே முதலில் போகிறது.

லாக் செய்திகளை அனுப்பும் முறையான சிஸ்லாகின் பழைய வழக்கத்தை 2001-இல் எழுதிவைத்த ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறி ஆவணம், ஒரு செய்திக்குத் தலைப்பையும் சேர்த்து 1024 பைட் என்றது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெறும் பக்கம் 480 பைட்டையாவது கட்டாயம் ஏற்க வேண்டும், 2048 வரை ஏற்பது நல்லது, அதற்கு மேல் வந்தால் நறுக்கலாம், தூக்கியும் எறியலாம் என்கிறது. எனவே வழியில் எந்தக் கண்ணி மிகச் சிறியதோ அதுதான் உங்கள் உண்மையான வரம்பு. இதில் கவலைக்குரியது, சிஸ்லாக் என்ற சி ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பித் தராது என்பது. செய்தி வெட்டுப்பட்டதா, போய்ச் சேர்ந்ததா என்று புரோகிராமுக்குத் தெரிய வழியே இல்லை.

லினக்ஸில் சிஸ்லாக் செய்திகளைப் பெற்று அனுப்பும் மென்பொருளான ஆர்சிஸ்லாகின் இயல்பு வரம்பு 8 கேபி. மேக்ஸ்மெசேஜ்சைஸ் அமைப்பை 64 கேபியாக உயர்த்தலாம். ஆனால் அந்த வரி கான்ஃபிக் கோப்பின் உச்சியில், உள்ளீட்டு மாட்யூல்களை லோட் செய்வதற்கு முன்பே இருக்க வேண்டும். கீழே எங்கோ சேர்த்துவிட்டு "மாற்றியும் பலனில்லை" என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது. அனுப்பும் சர்வர், பெறும் சர்வர் இரண்டிலும் மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யுடிபி வழியாக அனுப்பினால் வரம்பை உயர்த்துவதே ஆபத்தாகலாம். சாதாரண ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட்தான் தாங்கும். 8 கேபி செய்தி 6 துண்டுகளாகப் போகும். அதில் ஒன்று தொலைந்தாலும் முழுச் செய்தியும் போய்விடும். பெரிய செய்திகளுக்கு, தொலைந்த துண்டைத் திரும்ப அனுப்பும் டிசிபிதான் சரி.

லினக்ஸின் லாக் சேவையான ஜர்னல்டியும், கன்டெய்னர் மென்பொருளான டாக்கரும் வேறு ரகம். இவை வெட்டுவதில்லை, பிரிக்கின்றன. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வரும் ஒரு வரியை ஜர்னல்டி 48 கேபியிலும் டாக்கர் 16 கேபியிலும் உடைக்கும். தரவு தொலையாது; ஆனால் ஜேசன் என்ற தரவு வடிவில் உள்ள வரி இரண்டாகப் பிளந்தால் இரு பாதியையும் எந்தப் பார்சரும் (தரவைப் படித்துப் பிரிக்கும் நிரல்) படிக்காது.

தமிழில் லாக் எழுதுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், 15 பைட். ஜேசன் லைப்ரரி அதை யூனிகோடு எஸ்கேப்பாக (\u0BA4 போல) மாற்றினால் குறியீட்டுக்கு 6 பைட் வீதம் 30 ஆகிவிடும். 1024 பைட்டில் நேரடித் தமிழ் 341 குறியீடுகள்தான் கொள்ளும். வெட்டு நடு எழுத்தில் விழுந்தால் செய்தியின் நுனியில் செல்லாத பைட் மிஞ்சி, அடுத்த நிலையில் டீகோடிங் எர்ரர் வரும்.

விண்டோஸ் ஈவென்ட் லாகில் ஒரு சரத்தின் உச்சவரம்பு 31,839 எழுத்துகள். அங்கே யுடிஎஃப்-16 என்பதால் தமிழுக்குத் தனிச் சுமை இல்லை. ஆனால் டாட்நெட்டில் இந்த லாகில் எழுதும் ரைட்என்ட்ரி ஃபங்ஷன், வரம்பு மீறினால் எக்ஸெப்ஷன் எறியும். பெரும்பாலும் அந்த அழைப்பு, பிழையைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்குக்குள் இருக்கும். பிழையைப் பதியப் போன இடத்தில் புதிய பிழை கிளம்பி, முதல் பிழை சுவடில்லாமல் மறைந்துவிடும். எழுதுமுன் நீளத்தைப் பாருங்கள். 30,000-ஐத் தாண்டினால் தலையிலும் வாலிலும் போதிய அளவு வைத்துக்கொண்டு நடுவை எடுங்கள். எடுத்த இடத்தில் மூல நீளத்தையும் ரிக்வெஸ்ட் எண்ணையும் எழுதுங்கள்.

வரம்பை உயர்த்துவதைவிட, செய்தியின் வரிசையை மாற்றுவது பலன் தரும். ஜாவாவின் லாக் லைப்ரரியான லாக்பேக்கில் மூல காரணத்தை முதலில் அச்சிடும் ரூட் எக்ஸெப்ஷன் வடிவம் இருக்கிறது, பயன்படுத்துங்கள். பயனர், ஐபி, முடிவு ஆகியவை முன்னால் வரட்டும். யூஆர்எல், யூசர் ஏஜென்ட் போல வெளியாள் நீட்டக்கூடியவை கடைசியில் வரட்டும். இல்லையென்றால், நீண்ட யூஆர்எல் ஒன்றை அனுப்பியே தன் தடயத்தை வரம்புக்கு அப்பால் தள்ளிவிட ஒருவரால் முடியும்.

சோதிப்பது எளிது. "முடிவு" என்ற சொல்லில் முடியும் 10,000 பைட் வரி ஒன்றை லினக்ஸின் லாகர் (logger) கட்டளையால் அனுப்பி, மைய சர்வரில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். லாகரின் சொந்த வரம்பே 1 கேபி. சைஸ் ஆப்ஷனில் அதை உயர்த்திய பிறகே அனுப்ப வேண்டும். சொல் கிடைக்காவிட்டால், வந்து சேர்ந்த வரியின் பைட் நீளத்தை எண்ணுங்கள். 1024-ஐ ஒட்டி நின்றால் லாகரையும் பழைய கருவிகளையும் பாருங்கள். 8192-ஐ ஒட்டி நின்றால் ஆர்சிஸ்லாகை. எதுவுமே வரவில்லையென்றால் யுடிபியைச் சந்தேகியுங்கள்.