மஞ்சள் கறைக்கு வெயில், பால் கறைக்குப் பச்சைத்தண்ணீர்

குழந்தையின் வெள்ளைச் சட்டையில் பருப்பு சாதம் சிந்தி ஒரு மஞ்சள் திட்டு. வாளியில் நனைத்துச் சோப்பைப் போட்டதும் அந்த மஞ்சள் கண் முன்னாலேயே ரத்தச் சிவப்பாகிறது. இதைப் பார்த்துப் பதறாத புது அம்மா அப்பா குறைவு. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சோப்பைப் போட்டு, இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள்.

ஆனால் அந்தச் சிவப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஆரத்தி எடுக்க மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் என்ன நிறம் வருமோ, அதே நிறம். காரணமும் ஒன்றே. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட கார்பன் சங்கிலி இருக்கிறது. இப்படிப்பட்ட சங்கிலிகள் ஒளியை விழுங்கும். குர்குமின் விழுங்குவது ஊதாவும் நீலமும். மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சுண்ணாம்பும் சோப்பும் காரத்தன்மை கொண்டவை. காரம் பட்டதும் குர்குமின் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது, விழுங்கும் ஒளி மாறுகிறது, நிறம் சிவப்பாகிறது. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளுக்கே திரும்பிவிடும். ஆக, சிவந்ததால் துணி கெடவில்லை, கறையும் கூடவில்லை. ஆனால் போகவும் இல்லை.

ஏன் போகவில்லை? மஞ்சள் அழுக்கு இல்லை, அது ஒரு சாயம். படிகாரம் போன்ற துணைப்பொருள் எதுவும் இல்லாமலே பருத்தி நூலில் பிடித்துக்கொள்ளும் இயற்கைச் சாயங்கள் சிலதான் உண்டு; மஞ்சள் அதில் ஒன்று. போதாததற்கு, குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது. எண்ணெயிலும் நெய்யிலும் நன்றாகக் கரையும். புதுத்துணியின் ஓரத்தில் தொட்டு வைக்கிற மஞ்சள், சில தடவை துவைத்துக் காய்ந்தால் மங்கி மறைந்துவிடுகிறது. சாம்பார் கறை அப்படி மறைவதில்லை. தாளித்த எண்ணெய் மஞ்சளைத் தன்னோடு கரைத்து எடுத்துக்கொண்டு நூலின் உள்ளே வரைக்கும் போய்விடுகிறது. குழந்தைக்குப் பிசைகிற பருப்பு சாதத்தில் நெய் தாராளமாக இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் முதல் வேலை எண்ணெயை எடுப்பது. ஒட்டியிருக்கும் சாதத்தைக் கரண்டி விளிம்பால் வழித்து எடுங்கள், தேய்க்காதீர்கள். துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு விரலால் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தத் திரவத்தின் மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பின்பக்கத்திலிருந்தே தண்ணீரை ஓட விட்டால் எண்ணெய் வந்த வழியே வெளியேறும். முன்பக்கம் தேய்த்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். இவ்வளவு செய்த பிறகும் வெளிர் மஞ்சளாக ஒரு நிழல் இருக்கும். அது இனி சோப்பின் வேலை இல்லை.

அது வெயிலின் வேலை. குர்குமின் ஒளியைத் தாங்காது. எந்த நீல ஒளியை விழுங்கி மஞ்சளாகத் தெரிகிறதோ, அதே ஒளியின் ஆற்றல் அந்தச் சங்கிலியை உடைக்கிறது. சங்கிலி உடைந்தால் நிறம் இல்லை. உடைந்து கிடைக்கும் துண்டுகளில் ஒன்று வனிலின், வனிலா வாசனைக்குக் காரணமான அதே பொருள்! துணி ஈரமாக இருக்கும்போதே கறை சூரியனைப் பார்க்கும்படி கொடியில் போடுங்கள். உள்பக்கம் வெளியே திருப்பிக் காயப்போடும் நல்ல பழக்கத்தை இந்த ஒரு துணிக்கு மட்டும் விட்டுவிடலாம். ஒரு நாளிலேயே வித்தியாசம் தெரியும்; இல்லையென்றால் மறுநாளும் நனைத்துப் போடுங்கள். அடுக்குமாடி வீட்டில் கொடி இல்லாதவர்களுக்கு ஒரு ஆறுதல்: நீல ஒளி கண்ணாடி வழியாகவும் வரும் என்பதால் ஜன்னலோர வெயிலும் ஓரளவு வேலை செய்யும். சாயம் போட்ட துணியாக இருந்தால் கவனம், அதன் நிறமும் வெயிலில் வெளுக்கும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை மலம் கழித்த மஞ்சள் கறைக்கும் இதே வைத்தியம்தான். அந்த மஞ்சள் பிலிருபின், பழைய ரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் நிறமி. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைக்கிறார்களே, அங்கே உடைக்கப்படுவதும் உருமாற்றப்படுவதும் இந்த நிறமிதான். அந்தச் சிகிச்சை பிறந்த கதை அழகானது. 1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனையில், சிஸ்டர் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை வெயில் படும் முற்றத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் குறைந்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருப்பதை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். அதே மருத்துவமனையில், பரிசோதனைக்கு எடுத்து வெயிலில் இருந்துவிட்ட ஒரு சோதனைக் குழாய் ரத்தத்தில் பிலிருபின் அளவு குறைந்திருந்ததும் கவனிக்கப்பட்டது. ரிச்சர்ட் கிரீமரும் அவருடைய சக மருத்துவர்களும் 1958-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கொடியில் காயும் நாப்கினில் மஞ்சள் மறைவதைப் பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது தாமதமாகத்தான்.

சரி, பாலுக்கு வருவோம். குழந்தை கக்கிய பால் கறையாகவே தெரியாது. அதுதான் ஆபத்து. அதில் புரதமும் கொழுப்பும் சேர்ந்து இருக்கின்றன, இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். கிருமி போகட்டும் என்று எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் போடுகிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. பாலோ முட்டையோ ரத்தமோ, புரதக் கறைக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் கட்டியாவதைத் தினமும் பார்க்கிறோம். சுருண்டு கிடந்த புரத இழை சூட்டில் பிரிந்து, பக்கத்து இழையோடு பின்னிக்கொள்கிறது. நூலுக்கு நடுவே அது நடந்தால் பிறகு பிரிக்க முடியாது. எனவே முதலில் பச்சைத்தண்ணீர். சுடுதண்ணீர் வேண்டுமானால் கடைசியில்.

புரதத்தை வெட்டுவதற்கு என்சைம் இருக்கிறது. நம் வயிற்றில் சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் அதே வகைப் பொருள். ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த என்சைமைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம் என்று 1913-ல் காப்புரிமை பெற்றார். சலவை சோடாவின் காரத்தில் அந்த என்சைம் அதிகம் தாக்குப்பிடிக்கவில்லை. காரத்தையும் தாங்கும் என்சைம்களை பேசில்லஸ் பாக்டீரியாக்களிடமிருந்து எடுக்க ஆரம்பித்த பிறகு, 1960-களில்தான் அது சோப்புத்தூளில் நிலைபெற்றது. இன்று கடையில் வாங்கும் பல தூள்களில் புரதத்துக்கு ஒன்று, மாவுச்சத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று என்சைம்கள் இருக்கின்றன. ஆனால் அவை வேலை செய்ய நேரம் வேண்டும். தூளைப் போட்ட உடனே அடித்துத் துவைத்து அலசினால் என்சைமுக்குக் கொடுத்த காசு வீண். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீர் ஊற்றினால் என்சைமும் ஒரு புரதம்தானே, அதுவும் செத்துப்போகும். பட்டுப்பாவாடைக்கு மட்டும் இந்தத் தூள் வேண்டவே வேண்டாம். பட்டு நூலே புரதம், என்சைமுக்குக் கறை எது நூல் எது என்று தெரியாது.

பாலில் மிஞ்சுவது கொழுப்பு. முதல் குழந்தையின் சட்டைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்து, இரண்டாவது குழந்தைக்காகத் திறந்து பார்த்தால் கழுத்தோரமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கும். யாரும் தொடவில்லை, எதுவும் சிந்தவில்லை. அன்றைக்குத் துவைத்தபோது முழுதாகப் போகாத கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு, பெட்டிக்குள் இருந்த காற்றின் ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து மஞ்சளாகியிருக்கிறது. எண்ணெய்ப் புட்டியின் வாயில் பிசுக்கு ஏறுவதும் இதே வேதிவினைதான். இதற்கு நான் நம்புவது ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு நிறத்தை உடைக்கும், சோடா கொழுப்பைத் தளர்த்தும். ஆறின தண்ணீரில் சோம்பலாக இருக்கும்; 40 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும். சில மணி நேரம் ஊற வேண்டும்.

வாழைப்பழத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் ஏமாற்றும். சிந்தும்போது நிறமே இல்லை. மாலைக்குள் பழுப்பு, மறுநாள் கறுப்பு. பழத்தில் இருக்கும் டோபமைன் போன்ற பொருள்களை, பழத்தின் சொந்த என்சைமே காற்றின் துணையோடு கறுப்பு நிறமியாக மாற்றுகிறது. காரம் இந்த வினையை வேகப்படுத்தும் என்பதால், முதலில் சோப்பைத் தொடாதீர்கள். உடனே பச்சைத்தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாறு பூசி ஐந்து நிமிடம் வைத்து அலசினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கறுத்துப்போன பிறகு ஆக்சிஜன் ப்ளீச் ஓரளவு வெளுக்கும். முழுசாகப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எதற்கும் போகாத கறைக்குக் கடைசியில் குளோரின் ப்ளீச்சை எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுநீர் ஊறிய துணிமேல் அதை ஊற்றாதீர்கள். சிறுநீர் தேங்கினால் அம்மோனியா உண்டாகும். அது குளோரினோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமைன் வாயுவாகும். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயுவே வரும். இரும்புச்சத்து சொட்டு மருந்து சிந்திய கறைக்கும் குளோரின் கூடாது. இரும்பைத் துருவாக்கி இன்னும் பழுப்பாக்கிவிடும். அதற்கு எலுமிச்சையும் உப்பும் போதும்: சிட்ரிக் அமிலம் இரும்பு அயனியைக் கவ்விக் கரைத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஒன்று, எந்தக் கறையாக இருந்தாலும் அது முழுதாகப் போனதை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியை எடுங்கள்.